நாற்பது ஷில்லிங் வாக்காளர்களைத் தேடி: கிளேர் பயணக் குறிப்புகள்

திங்கள், என்னிஸ்

ஷானன் விமான நிலையத்திலிருந்து என்னிஸ் வர பேருந்தில் அரை மணி நேரம் பிடித்தது. பையை அறையில் போட்டுவிட்டு நேராக ஓ'கானல் சதுக்கத்துக்கு நடந்தேன். சதுக்கம் என்று பெயரே தவிர, ஒடுக்கமான கடைத்தெருக்கள் சில வந்து முட்டும் இடம் அது. நடுவில் சாம்பல் நிறக் கல்தூண். அதன் உச்சியில், கழுத்து வலிக்க அண்ணாந்தால்தான் தெரியும் உயரத்தில், அயர்லாந்துக் கத்தோலிக்கர்களின் உரிமைக்காகப் போராடிய டேனியல் ஓ'கானல் நிற்கிறார். 1860களில் வைத்த சிலை. அதற்கு முன் இங்கே இருந்தது பழைய நீதிமன்றம். 1828 ஜூலையில் கிளேர் தொகுதியில் அவர் ஜெயித்ததாக அறிவித்தது இந்த இடத்தில்தான்.

அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு வருகிறவர்கள் மோஹர் பாறைகளையும் மதுக்கூடங்களில் வாசிக்கும் இசையையும் தேடி வருவார்கள். நான் வந்தது ஒரு தொகுதிக்காக. 1801 முதல் 1885 வரை லண்டன் நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பிய கிளேர் கவுண்டித் தொகுதி. கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. அதற்கு முன் அயர்லாந்துக்கு டப்ளினில் சொந்த நாடாளுமன்றம் இருந்தது, கீழவையில் 300 பேர். பிரிட்டனோடு இணைத்தபோது அதைக் கலைத்துவிட்டு லண்டனில் 100 இடம் கொடுத்தார்கள். அதில் 32 கவுண்டிகளுக்கும் தலா இரண்டு.

அந்தக் கவுண்டிகளில் யாருக்கு வாக்கு இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் வருகிற எல்லாம் அதில்தான் நிற்கிறது. வருடத்துக்கு நாற்பது ஷில்லிங், அதாவது இரண்டு பவுண்டு, மதிப்புள்ள நிலம் ஆயுள் பாத்தியதையாக இருந்தால் வாக்கு உண்டு. ஒருவரின் ஆயுள் வரைக்குமான குத்தகையும் இந்தக் கணக்கில் சேரும். 1793இல் கத்தோலிக்கர்களுக்கும் இந்த உரிமை வந்தது. உடனே நிலக்கிழார்கள் ஆயுள் குத்தகைகளை எழுதித் தள்ளினார்கள். ஏழைகள் மேல் வந்த பரிவு இல்லை அது. எத்தனை குத்தகைக்காரரோ அத்தனை வாக்கு தன் பைக்குள் என்ற கணக்கு. வாக்கை வாய்விட்டு, எல்லார் காதிலும் விழச் சொல்ல வேண்டும். நிலக்கிழாரின் ஏஜென்ட் பக்கத்திலேயே நிற்பார். அரை வருடக் குத்தகையைப் பாக்கியில் விட்டு வைப்பது அன்றைய வழக்கம். மாற்றி வாக்களித்தவனிடம் அந்தப் பாக்கியை மொத்தமாகக் கேட்டால் போதும், குடிசை போய்விடும்.

செவ்வாய், என்னிஸ்

காலையில் மழை. ஃபிரான்சிஸ்கன் மடத்தின் இடிபாடுகளைப் பார்த்துவிட்டு ஃபெர்கஸ் ஆற்றோரமாக நடந்தேன். கரையில் ஒரு பாறை, அதில் செதுக்கிய சிங்கம் பாசி படிந்து கிடக்கிறது. ஸ்டீல் பாறை என்கிறார்கள். டாம் ஸ்டீல் இந்தக் கவுண்டியின் புராட்டஸ்டன்ட் நிலக்கிழார். எதிர்க்கரை வீட்டுப் பெண் ஒருத்தியைக் காதலித்து, அவள் கண்ணில் படுவாளா என்று இந்தப் பாறையில் உட்கார்ந்திருப்பாராம். ஊர்க் கதை அது. ஆனால் 1828இல் ஓ'கானல் பெயரை வழிமொழிந்தது இதே ஸ்டீல் என்பது வரலாறு. முன்மொழிந்தவர் என்னிஸில் பிறந்த ஓ'கார்மன் மேஹன். அவரைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன்.

சரி, அந்தத் தேர்தல் எப்படி வந்தது? கிளேரின் இரு உறுப்பினர்களில் ஒருவர் வில்லியம் வெசி ஃபிட்ஸ்ஜெரால்டு. பிரதமர் வெலிங்டன் அவரை வர்த்தக வாரியத் தலைவராக அமைச்சரவையில் சேர்த்தார். அமைச்சர் ஆகிறவர் உறுப்பினர் பதவியை விட்டு மறுபடியும் மக்களிடம் வந்து நிற்க வேண்டும் என்பது அக்காலச் சட்டம். எதிர்ப்பே இருக்காது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் கத்தோலிக்கர்களுக்கு உரிமை வேண்டும் என்று வாக்களித்து வந்தவர். அவருடைய அப்பா, இணைப்புச் சட்டத்தை எதிர்த்துப் பதவியை இழந்தவர். நல்ல மனிதரைத் தோற்கடிக்க வேண்டிய நெருக்கடி, உரிமைக்காகப் போராட ஓ'கானல் நடத்திய கத்தோலிக்கச் சங்கத்துக்கு. வெலிங்டன் அரசில் சேரும் யாரையும் எதிர்ப்போம் என்று அவர்கள் ஏற்கெனவே முடிவு எடுத்திருந்தார்கள்.

நிறுத்த ஆள் தேடி, கடைசியில் ஓ'கானலே நின்றார். கெர்ரி கவுண்டிக்காரர், டப்ளினில் பெயர் பெற்ற வழக்கறிஞர். கத்தோலிக்கர் தேர்தலில் நிற்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. ஜெயித்த பின் அவையில் எடுக்க வேண்டிய உறுதிமொழி கத்தோலிக்க வழிபாட்டைப் பழித்தது, அதனால் யாரும் உள்ளே போக முடியாமல் இருந்தது. நின்று ஜெயித்து, அந்தக் கதவை முட்டிப் பார்ப்பது என்பதுதான் திட்டம்.

ஐந்து நாள் வாக்குப்பதிவு. சிறிய ஊருக்குள் பல ஆயிரம் பேர் வந்து குவிந்தார்கள், தெருவில் படுத்தார்கள். தேர்தல் முடியும் வரை மதுவைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டு அதைக் காப்பாற்றினார்கள். கலவரம் வந்தால் அடக்கலாம் என்று அரசு படையைத் தயாராக வைத்திருந்தது. கலவரம் வரவே இல்லை. எண்ணிக்கை முடிந்தபோது ஓ'கானலுக்கு 2,057, வெசி ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு 982.

இந்த எண்களை நான் பள்ளிப் பாடமாகப் படித்தவன் இல்லை, அதனால்தானோ என்னவோ இன்னும் மனசுக்குள் கிடந்து உழற்றுகின்றன. ஒவ்வொன்றும் ஒருவன் தன் நிலக்கிழாரின் ஆள் முன்னால் நின்று உரக்கச் சொன்ன பெயர். தோற்றவர் உள்துறை அமைச்சர் பீலுக்குக் கடிதம் எழுதினார்: பெரிய குடும்பங்களின் செல்வாக்கெல்லாம் நொறுங்கிவிட்டது, எல்லாரும் கைவிட்டுப் போய்விட்டார்கள் என்று. ரகசிய வாக்கு வர இன்னும் 44 வருடம் இருந்தது.

புதன், கோரோஃபின், டிரோமோலண்டு

வடக்கே கோரோஃபின் சிறிய கிராமம், சுற்றிலும் ஏரிகள். பழைய தேவாலயம் ஒன்றில் கிளேர் மரபுரிமை மையம் இருக்கிறது. புலம்பெயர்ந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் தங்கள் வேர் தேடி வரும் இடம் அது. நான் போனபோது ஒரு வயதான அமெரிக்கத் தம்பதி பெயர்ப் பதிவேட்டின் நகலை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

1828இல் இங்கே பங்குத் தந்தையாக இருந்தவர் மர்ஃபி. தேர்தலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஐரிஷ் மொழியில் அவர் செய்த பிரசங்கத்தைக் கேட்க ஓ'கானலின் தோழர் ஷீல் டப்ளினிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கத்துக் குத்தகைக்காரர்களில் பலர் சர் எட்வர்டு ஓ'பிரையனின் ஆட்கள். வெசி ஃபிட்ஸ்ஜெரால்டை முன்மொழிந்தவர் அவர். அவருடைய ஆட்கள் பூசை முடிந்ததும் மர்ஃபியின் பின்னால் என்னிஸை நோக்கி நடந்தார்கள்.

மத்தியானம் டிரோமோலண்டு. சர் எட்வர்டின் குடும்பக் கோட்டை, இப்போது விலை உயர்ந்த ஹோட்டல். தோட்டத்தை ஒரு சுற்று சுற்றி வந்தேன். இந்த ஒரு வீட்டிலிருந்து எத்தனை உறுப்பினர்கள்! ஓ'கானல் ஜெயித்த அன்று தொகுதியின் இன்னொரு உறுப்பினர் சர் எட்வர்டின் மூத்த மகன் லூசியஸ். இளைய மகன் வில்லியம் ஸ்மித் ஓ'பிரையன் என்னிஸ் நகரத் தொகுதியின் உறுப்பினர். அவர் ஓ'கானலைத் திட்டப்போக, 1829இல் டாம் ஸ்டீலோடு துப்பாக்கிச் சண்டை வரைக்கும் போனது. இருவரும் சுட்டார்கள், யாருக்கும் காயம் இல்லை. அதே ஸ்மித் ஓ'பிரையன் பின்னாளில் ஐரிஷ் தேசியத்தின் பக்கம் வந்து, 1848 கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கி, டாஸ்மேனியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்து, பேருந்துக்கு நேரம் இருந்ததால், 1829ஐப் பற்றி எழுதிக்கொண்டேன். அயர்லாந்து முழுக்க இது பரவினால் என்ன ஆகும் என்று வெலிங்டனும் பீலும் பயந்துபோய் வழிவிட்டார்கள். 1829 ஏப்ரல் 13 அன்று கத்தோலிக்க விடுதலைச் சட்டம் வந்தது. ஓ'கானலுக்கு மட்டும் அது பின்னோக்கிப் பொருந்தாது என்று எழுதி வைத்தார்கள். மே மாதம் அவர் அவைக்குப் போனார், பழைய உறுதிமொழியை நீட்டினார்கள். அதில் ஒரு பகுதி பொய் என்று எனக்குத் தெரியும், இன்னொரு பகுதி உண்மை என்று நான் நம்பவில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். இடம் காலி என்று அறிவித்தார்கள். ஜூலையில் கிளேர் அவரைப் போட்டியின்றித் திரும்ப அனுப்பியது.

ஆனால் அதே ஏப்ரலில் இன்னொரு சட்டமும் வந்தது. அயர்லாந்து கவுண்டிகளில் வாக்குரிமைக்கான மதிப்பை நாற்பது ஷில்லிங்கிலிருந்து பத்து பவுண்டாக உயர்த்தியது. நாடு முழுக்கச் சுமார் 2,16,000 ஆக இருந்த கவுண்டி வாக்காளர்கள் சுமார் 37,000 ஆனார்கள். என்னிஸில் உரக்கச் சொன்னவர்களில் பெரும்பாலோர் இனி எந்தத் தேர்தலிலும் எதையும் சொல்ல முடியாது. வசதி உள்ள கத்தோலிக்கர்களுக்கு நாடாளுமன்றம், நீதிபதி நாற்காலி, உயர் பதவிகள். அதை வாங்கிக் கொடுத்த குடியானவனுக்கு இருந்த ஒரே உரிமையும் போனது. ஓ'கானல் முன்பு ஒருமுறை இந்தப் பேரத்துக்கு ஒத்துக்கொண்டு பின்வாங்கியவர். 1829இல் அதை எதிர்த்துப் பேசினார், ஆனால் அதற்காக நாட்டைக் கிளப்பவில்லை. அவர் செய்த மற்றவற்றை நான் மதிக்கிறேன். இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

வியாழன், ஸ்பானிஷ் பாயிண்ட், லிஸ்கேனர், மோஹர்

இன்று கடல் பக்கம். அட்லாண்டிக் காற்று முகத்தில் அறைகிறது, தொப்பி நிற்கவில்லை.

ஸ்பானிஷ் பாயிண்ட் என்ற பெயருக்கும் தொகுதிக்கும் சம்பந்தம் உண்டு. கிளேர் கவுண்டியிலிருந்து டப்ளின் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர்கள் போனது முதலில் 1585இல். அவர்களில் ஒருவர் போயீஷியஸ் கிளான்சி. மூன்று வருடம் கழித்து, இங்கிலாந்தைத் தாக்க வந்த ஸ்பெயினின் ஆர்மடாப் படையின் கப்பல்கள் புயலில் சிக்கி இந்தக் கரையில் உடைந்தபோது, அவர்தான் கவுண்டியின் ஷெரீஃப். நீந்திக் கரை சேர்ந்தவர்களைப் பிடித்துக் கொன்றுபோட்டார். மணல் திட்டில் பிள்ளைகள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

லிஸ்கேனரிலும் மோஹரிலும் எங்கே திரும்பினாலும் கார்னிலியஸ் ஓ'பிரையன். 1832 முதல் 1847 வரையும், 1852 முதல் 1857 வரையும் தொகுதியின் உறுப்பினர். 1835இல் பாறை விளிம்பில் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்காக ஒரு கோபுரம் கட்டினார். அந்தக் காலத்திலேயே சுற்றுலாவை யோசித்தவர். 214 மீட்டர் செங்குத்தாக இறங்கும் பாறை அந்தக் கோபுரத்துக்குப் பக்கத்தில்தான். இங்கே பாறைகளைத் தவிர மற்றதெல்லாம் கார்னி கட்டியது என்று ஊரில் ஒரு பேச்சு. புனித பிரிஜித் கிணற்றுக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு தூண், அவர் உயிரோடு இருக்கும்போதே எழுப்பியது. குத்தகைக்காரர்களிடம் வசூல் செய்து கட்டியது என்பார்கள். 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சம் முடிந்து ஓரிரு வருடத்தில்.

வெள்ளி, கில்ரஷ்

ஷானன் முகத்துவாரத்தில் துறைமுக ஊர். அகலமான தெருக்கள், நிலக்கிழார் குடும்பம் திட்டம் போட்டு அமைத்தவை. அந்தக் குடும்பம் வாண்டலூர். அவர்களுடைய மாளிகை 1897இல் எரிந்துபோனது. கல் மதில் சூழ்ந்த தோட்டம் மட்டும் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. உள்ளே போனால் காற்று நின்றுவிடுகிறது, வெளியே குளிர், உள்ளே இதமான வெதுவெதுப்பு. மதில் ஓரம் ஒரு பெண்மணி செடிகளுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். பஞ்சத்தைப் பற்றிக் கேட்டேன். இந்த ஊரில் எல்லார் வீட்டிலும் அந்தக் கதை உண்டு என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார்.

கிளேரின் மக்கள்தொகை 1841இல் 2,86,394. பத்து வருடத்தில் 2,12,440. உருளைக்கிழங்கு அழுகியது ஒரு பக்கம். மறு பக்கம், இந்த வட்டாரத்தில் 1847க்குப் பிறகு ஆயிரக்கணக்கான குடும்பங்களை வெளியேற்றி வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டார்கள், மறுபடி வந்து ஒண்டிக்கொள்ளக் கூடாது என்று. ஏழைகளுக்கான நிவாரணத்தைக் கவனிக்கும் ஏழைகள் சட்ட ஆய்வாளராக வந்த கேப்டன் ஆர்தர் கென்னடி, யார் யாரை எங்கே வெளியேற்றினார்கள் என்று பட்டியல் போட்டு மேலிடத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். அவருடைய சின்ன மகள் கந்தல் உடுத்திய பெண்களுக்குத் துணி கொடுக்கும் படம் 1849 டிசம்பரில் லண்டன் படப் பத்திரிகையில் வந்தது. அந்தப் படத்தில் குழந்தை வண்டியில் நிற்கிறாள். கீழே நீண்டிருக்கும் கைகள்தான் எனக்கு நினைவில் நிற்கின்றன.

நாற்பது ஷில்லிங் வாக்கு இருந்த காலத்தில் சிறு குத்தகைக்காரனை வைத்திருப்பதில் நிலக்கிழாருக்கு ஒரு லாபம் இருந்தது, அவன் ஒரு வாக்கு. 1829க்குப் பிறகு அவன் வெறும் பாக்கிக்காரன். பஞ்சத்துக்கு வேறு பல காரணங்கள் உண்டு. ஆனால் ஆட்களைத் துரத்துவது அவ்வளவு சுலபமானதில் அந்தச் சட்டத்துக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். கில்ரஷ் பண்ணையின் சொந்தக்காரர் கர்னல் கிராஃப்டன் மூர் வாண்டலூர், பிறகு 1859 முதல் 1874 வரை கிளேரின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். அந்த வாக்காளர் பட்டியலில் யார் இருந்தார்கள், யார் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சனி, சிக்ஸ்மைல்பிரிட்ஜ்

என்னிஸிலிருந்து லிமரிக் போகும் ரயிலில் வழியில் இறங்கினேன். ஆறு, பாலம், தேநீர்க் கடை. சனிக்கிழமை காலையில் ஊர் அமைதியாக இருந்தது.

1852 ஜூலை 22. வாக்குரிமையை 1850இல் சற்றே தளர்த்தியிருந்தார்கள், ஆனால் வாக்கு இன்னும் வாய்விட்டுச் சொல்வதுதான். நிலக்கிழார் மார்க்கீஸ் கோனிங்ஹாமின் குத்தகைக்காரர்களை ஒரு மாஜிஸ்திரேட் வண்டிகளில் ஏற்றி, படைவீரர்கள் காவலோடு இந்த ஊரின் வாக்குச்சாவடிக்குக் கொண்டுவந்தார். அவர்களைத் தங்கள் பக்கம் இழுக்கப் பாதிரிமாரும் கூட்டமும் வழியில் நின்றார்கள். தள்ளுமுள்ளு, கல்வீச்சு, அப்புறம் துப்பாக்கி. குறைந்தது ஆறு பேர் செத்தார்கள். மரண விசாரணை நடத்திய ஜூரி, மாஜிஸ்திரேட் மேலும் வீரர்கள் மேலும் கொலை என்று முடிவு சொன்னது. வழக்கு அதற்கு மேல் நகரவில்லை.

வண்டிகளில் இருந்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். ஒரு பக்கம் நிலக்கிழார், மறு பக்கம் பாதிரியார். இரண்டு தரப்பும் அவர்களுடைய குரலைத் தங்கள் சொத்தாகத்தான் பார்த்தது. 1828இல் இதே பாதிரிமார்தான் குடியானவனுக்குத் துணிச்சல் கொடுத்தார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் ஒருவன் யாருக்கும் தெரியாமல், யாருக்கும் பதில் சொல்லாமல் வாக்களிக்க 1872 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஞாயிறு, என்னிஸ்

ஓ'கார்மன் மேஹன் பற்றிச் சொல்கிறேன் என்றேன். 1828இல் ஓ'கானலை முன்மொழிந்தபோது 28 வயது. 1830இல் தானே கிளேரில் ஜெயித்து, லஞ்சப் புகாரில் இடத்தை இழந்தார். அப்புறம் உலகம் சுற்றினார், பல நாட்டுப் படைகளில் வேலை பார்த்தார், கணக்கில்லாத் துப்பாக்கிச் சண்டைகள். 1879 இடைத்தேர்தலில், எண்பதை நெருங்கும் வயதில், மறுபடி கிளேரின் உறுப்பினர் ஆனார். அடுத்த வருடம் செப்டம்பரில் ஐரிஷ் தேசியத் தலைவர் பார்னல் என்னிஸுக்கு வந்து, வெளியேற்றப்பட்டவனின் நிலத்தை எடுத்துக்கொள்கிறவனை ஊரே ஒதுக்கி வைக்க வேண்டும் என்று பேசினார். சில வாரங்களில் மேயோ கவுண்டியில் நிலக்கிழார் ஏஜென்டான கேப்டன் பாய்காட்டுக்கு அதுதான் நடந்தது. ஓ'கார்மன் மேஹன் அந்த இடத்தில் இருந்தபோதே தொகுதியும் முடிந்தது. 1885இல் கிளேரைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரித்தார்கள்.

கிழக்கு கிளேரில் 1892 முதல் உறுப்பினர் வில்லி ரெட்மண்ட். ஐம்பது வயதைத் தாண்டிப் படையில் சேர்ந்து, 1917 ஜூன் 7 அன்று பெல்ஜியத்தில் மெசீன் போரில் இறந்தார். அந்த இடத்துக்கு ஜூலையில் நடந்த இடைத்தேர்தலில் சிறையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த ஐரிஷ் விடுதலைப் போராட்டத் தலைவர் டி வலேரா 5,010 வாக்கு, எதிர்த்து நின்ற லிஞ்ச் 2,035. இப்போதைய நீதிமன்றப் படிகளில் அறிவித்தார்கள். இன்று அந்தப் புல்வெளியில் டி வலேராவுக்குச் சிலை.

நீதிமன்றத்துக்கு எதிரே உட்கார்ந்து வருடங்களை வரிசைப்படுத்தினேன். 1918 சட்டம் ஆண்கள் எல்லாருக்கும், முப்பது வயது கடந்த பெண்களில் பெரும்பாலோருக்கும் வாக்குக் கொடுத்தது. நாற்பது ஷில்லிங் குடியானவனின் கொள்ளுப்பேரனுக்கும் கிடைத்தது. ஆனால் அந்த டிசம்பரில் கிளேரின் இரு தொகுதிகளிலும் போட்டி இல்லை. 1921இல் இல்லை, 1922இலும் இல்லை. 1923 ஆகஸ்ட் 15 அன்று ஓ'கானல் சதுக்கத்தில் பிரசார மேடை போட்டு டி வலேரா பேச எழுந்தார். உள்நாட்டுப் போரில் எதிர்த்தரப்பில் இருந்த அவரைத் தேடிக்கொண்டிருந்த புதிய ஐரிஷ் அரசின் படை வந்து, துப்பாக்கியால் சுட்டுக் கூட்டத்தைக் கலைத்து, அவரைக் கைது செய்தது. அதே மாதம் 27ஆம் தேதி, 21 வயதான ஆண், பெண் எல்லாரும் ரகசியமாக வாக்களித்தார்கள். சிறையில் இருந்தவருக்கு விழுந்தது 17,762.